துருவும் மெருகும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே மயிலிட்டி என்னும் மீன்பிடிக் கிராமம் இருக்கிறது. அங்கே இரும்பாலான எந்தப் பொருளையும் காவலின்றி விட்டுவைக்க முடியாது. மாரிகாலத்திலே பாக்குநீரிணையைத் தாண்டி வரும் வாடைக்காற்று உப்புத் துகளையும் ஈரத்தையும் ஒருங்கே சுமந்து வந்து, கதவின் பூட்டிலும் கிணற்றுக் கப்பியிலும் வள்ளத்தின் ஆணியிலும் படியவிடும். உப்புக்கு ஓர் இயல்பு உண்டு. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்து வீதத்தைக் கடந்துவிட்டால், அது அந்த ஈரத்தை ஈர்த்துத் தானே நீராய்க் கசிந்துவிடும். அவ்வாறு நனைந்த உப்புநீர் இரும்பின் மீது நின்றால் துரு பிடிப்பதற்கு மழை பெய்யவேண்டிய தேவையில்லை. ஆகையாலேதான் கடற்கரை மக்கள் இரும்பை எண்ணெய் தடவாமல் வைப்பதில்லை. மரவள்ளத்துக்கும் மீனெண்ணெயும் குங்கிலியமும் பூசாமல் அதனைக் கடலில் இறக்கியதில்லை. ஒரு பொருளைச் செய்து முடிப்பது பாதி வேலை, அதன் மேற்பரப்பைக் காப்பது மறுபாதி வேலை என்பதை அவர்கள் நன்றாக அறிந்தவர்கள்.

இந்தச் சிறு உண்மையைக் கையிற் கொண்டு, இன்று நாம் ஒரு பெரிய கைவினையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். சித்திரவேலைப்பாடு செய்த துவக்குக்கு எத்தகைய மெருகு கொடுப்பது என்பதே நமது பொருள். கொலைக்கருவி ஒன்றின் அழகைப் பற்றிப் பேசுவதா என்று நேயர்களிற் சிலர் வினவக்கூடும். துவக்கின் கொடுமையை இந்த நாட்டு மக்களுக்கு எடுத்துக் கூறவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஆயினும் மனிதன் தன் கைத்திறன் முழுவதையும் செலவிட்ட பொருள்களிலே அதுவும் ஒன்று. அன்றியும், நமது இலங்கையிற் செய்யப்பட்ட ஒரு பீரங்கியின் மெருகு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அயல்நாட்டிலிருந்து, அண்மையிலே தாய்நாட்டுக்குத் திரும்பியும் வந்திருக்கிறது. அந்தக் கதையைக் கூறுமுன், அதற்கு வேண்டிய சில செய்திகளை அறிந்துகொள்வோம்.

முதலாவதாகச் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பர். நாம் துவக்கு என்போம். சிங்கள மக்கள் துவக்குவ என்பர். இவை யாவும் துருக்கிய மொழியின் துபெக் என்னும் சொல்லோடு உறவுடையவை. சொல்லைப் போலவே கருவியும் வெளியிலிருந்து வந்ததுதான். 1505ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கொழும்புக் கரையை அடைந்தபோது, அவர்களுடைய வெடியோசை இடியினும் பெரிதாயிருந்ததென்று கோட்டை அரசனுக்கு அறிவிக்கப்பட்டதாக இராஜாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறுகிறது. ஆனால் அந்த வியப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. வந்த கருவியை இந்த மண்ணின் கொல்லர் தம்முடைய கருவியாகவே ஆக்கிக்கொண்டனர்.

இதற்குச் சான்று கூறுபவர் ஓர் ஒல்லாந்தர். 1580களிலே கோவாவில் போர்த்துக்கேயப் பேராயரின் பணியில் இருந்த லின்ஸ்கோட்டன் என்பவர், தாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை 1596ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். அதிலே இலங்கைக் கைவினைஞரைப் பற்றிக் கூறும்போது, எவ்விடத்திலும் காணக்கூடிய துவக்குக் குழல்களிலெல்லாம் சிறந்தவற்றை அவர்கள் செய்கிறார்கள் என்றும், அவை வெள்ளியைப் போல மின்னுகின்றன என்றும் வியந்து எழுதுகிறார். துவக்கு வந்து நூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதற்குள் நமது கொல்லரின் மெருகு ஐரோப்பியரின் கண்ணைக் கவர்ந்துவிட்டது.

இந்தத் திறமை வானத்திலிருந்து வந்ததன்று. மத்திய மலைநாட்டின் தென்சரிவிலே, சமனலவெவப் பகுதியில், 1990களில் நடந்த அகழாய்வுகள் ஓர் அரிய செய்தியை வெளிப்படுத்தின. ஏறக்குறைய ஏழாம் நூற்றாண்டு தொடக்கம் பதினோராம் நூற்றாண்டு வரை, அங்கே குன்றுகளின் மேற்குச் சரிவுகளில் வரிசை வரிசையாக உலைகள் அமைக்கப்பட்டிருந்தன. துருத்தி ஊதாமலே, தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தினால் அவை எரிந்து, இரும்புக் கல்லை உருக்கி உயர்ந்த உருக்கைத் தந்தன. பருவக்காற்றே இரும்பை ஆக்குவதும், பருவக்காற்றே அதனைத் துருவாக்கி அழிப்பதும் இந்தத் தீவின் இயல்பு. இவ்விரண்டுக்கும் நடுவிலே நிற்பதுதான் மெருகிடுபவனின் வேலை.

அந்த வேலையில் எத்தனை வழிகள் உண்டு என்பதைக் காண்போம்.

மிகப் பழைய வழி, இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அப்படியே விட்டுவிடுவது. லின்ஸ்கோட்டன் கண்டு வியந்த வெள்ளிப் பளபளப்பு இதுவே. இதன் அழகுக்கு விலை உண்டு, நாள்தோறும் துடைக்கவேண்டும். முகலாயப் பேரரசர் அக்பரின் படைக்கலச் சாலையிலே, மாடு ஒன்று சுற்ற, ஒரே நேரத்திற் பதினாறு குழல்களைத் துலக்கவல்ல சக்கரம் ஒன்று இருந்ததென அபுல் ஃபசல் தமது ஆயினி அக்பரியிலே எழுதியிருக்கிறார். பேரரசரிடம் மாடும் சக்கரமும் ஏவலாளரும் இருந்தனர். சாதாரணப் போர்வீரனிடம் அவை இல்லை. ஆங்கிலப் படைவீரர் தம் துவக்குகளைச் செங்கற்றூள் கொண்டு தேய்த்துத் தேய்த்துத் துலக்கினர். அதனால் குழலே மெலிந்துபோயிற்று. வெயிலில் மின்னும் குழல், வீரன் இருக்குமிடத்தைப் பகைவனுக்கும், வேட்டைக்காரன் இருக்குமிடத்தை விலங்குக்கும் காட்டிக்கொடுத்தது.

அடுத்த வழி வியப்புக்குரியது. துருவைத் தடுப்பதற்குத் துருவையே அழைத்துக்கொள்வது அது. நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கிய குழலின்மீது அமிலங் கலந்த கரைசலை மெல்லியதாகப் பூசி, ஈரமான இடத்தில் வைத்துவிடுவார்கள். சில மணி நேரத்திலே நுண்ணிய துரு ஒன்று சீராகப் படியும். அதிலே ஒட்டாது நிற்கும் தூளைக் கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு, மீண்டும் பூசுவர், மீண்டும் துடைப்பர். பல நாட்கள் இவ்வாறு செய்தபின் எண்ணெய் பூசினால், குழல் பாக்குநிறம் போன்ற கபில நிறத்தைப் பெறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆங்கிலப் படையும் பளபளப்பைக் கைவிட்டு இந்தக் கபில மெருகை ஏற்றுக்கொண்டது.

இதே வேலையிலே ஒரு படி கூட்டினால் நிறம் மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் துரு படிந்தபின் குழலைக் கொதிநீரில் இடவேண்டும். அப்போது செந்துரு கருந்துருவாக மாறுகிறது. இரண்டும் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்தவையே. ஆனால் செந்துரு உதிரும் தன்மையது. தான் உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பையும் அரிப்புக்கு விட்டுக்கொடுக்கும். கருந்துருவோ நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, எண்ணெயையும் தன்னுள் ஏந்தி, இரும்புக்குத் தோலாகிவிடும். நீலங்கலந்த ஆழ்ந்த கருமை அதன் நிறம். ஒரே பொருள், ஒரு நிலையிற் பகையாகவும் மறு நிலையிற் காவலாகவும் இருப்பதை இங்கே காண்கிறோம்.

பிற்காலத்திலே தொழிற்சாலைகள் இதனை விரைவுபடுத்தின. கடுங்காரமும் நைத்திரேற்று உப்பும் கலந்த நீரைக் கொதிக்க வைத்து, அதிலே உருக்கை அமிழ்த்தினால், நாட்கணக்கான வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்குக்கு இந்த வழி ஆகாது. அதன் இரு குழல்களுக்கு இடையே ஓடும் பட்டி மென்பற்றாசினால் ஒட்டப்பட்டது. கடுங்காரம் அந்தப் பற்றாசைத் தின்றுவிடும். ஆதலால், இன்றைக்கும் உயர்ந்த வேட்டைத் துவக்கின் குழல்கள் பழைய முறையிலேயே, பூசித் துடைத்துக் கொதிநீரில் இட்டு, பொறுமையாகக் கருமையேற்றப்படுகின்றன. அவசரம் நுழைய முடியாத கைவினைகள் இன்னும் உலகில் இருக்கின்றன.

குழலின் கதை இது. சித்திரம் செதுக்கப்படுவது பெரும்பாலும் குழலில் அன்று. குழலைத் தாங்கும் உடற்பகுதியிலும் பூட்டுத் தகட்டிலுமே. அங்கேதான் மெருகைத் தேர்ந்தெடுப்பது உண்மையிலே சிக்கலாகிறது. ஒருவர் இலண்டன் நகரிலோ, வடஇத்தாலியிலே காலங்காலமாகத் துவக்குத் தொழிலுக்குப் பேர்போன கார்டோனே என்னும் ஊரிலோ தமக்கென ஒரு துவக்கைச் செய்விக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளத்தாக்கின் பழமைக்கு ஒரு சான்று: பெரெற்றா குடும்பத்தார் 185 குழல்களை வெனிஸ் நகரின் படைக்கலச் சாலைக்கு விற்ற கணக்கு 1526ஆம் ஆண்டுக்குரியது. சித்திரக்காரர் கூரிய உளி கொண்டு கொடியும் மலரும் பறவையும் செதுக்கி முடிக்கிறார். இனி அதன்மேல் என்ன செய்வது?

ஒரு வழி, எலும்புக்கரியும் மரக்கரியும் நிறைத்த பெட்டியில் அந்தப் பாகங்களை வைத்து, ஏறக்குறைய எண்ணூறு பாகை செல்சியசு வெப்பத்தில் நெடுநேரம் காய்ச்சி, சட்டென்று குளிர்நீரில் விடுவது. கரியிலுள்ள காபன் இரும்பின் புறத்தோலில் ஊறி, அதனை மிகக் கடினமாக்கிவிடும். உள்ளே இரும்பு மென்மையாகவே இருக்கும். கடினமான பின் உளி பாயாது. ஆதலால் செதுக்குவது முன்னும் காய்ச்சுவது பின்னும் ஆகவேண்டும். இந்தக் காய்ச்சலின்போது நீலமும் கபிலமும் வைக்கோல் மஞ்சளுமாக, மயிற்கழுத்தை நினைவூட்டும் நிறங்கள் மேற்பரப்பில் அலையலையாகப் படிகின்றன. எந்த இடத்தில் எந்த நிறம் வரும் என்பதை எவராலும் முன்கூட்டி முற்றாக வரையறுக்க முடியாது. இந்த நிறங்கள் பேரழகுடையவை. ஆனால் அவற்றுக்கு இரண்டு குறைகள் உண்டு. கைபட்டும் வெயில்பட்டும் நாளடைவில் மங்கிவிடுகின்றன. நிறம் செறிந்திருக்கும் வரையிலோ, அடியிலுள்ள நுண்ணிய கோடுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன.

மறு வழி, அந்த நிறங்களையெல்லாம் துலக்கி எடுத்துவிட்டு, பழைய வெள்ளி நாணயம் போன்ற வெண்சாம்பல் நிறத்தில் விடுவது. இத்தாலியச் சித்திரக்காரர் ஊசிமுனை போன்ற உளியால், நாணயத்தாளிற் காண்பதுபோல் ஆயிரக்கணக்கான புள்ளிகளாலும் மயிரிழைகளாலும் வரையும் உருவங்கள் இந்த மெருகிலேதான் தெளிவாக விளங்கும். ஆயினும் இங்கே இரும்பு ஏறக்குறைய வெறும் மேனியோடு நிற்கிறது. எண்ணெயோ அரக்குப் பூச்சோ தவறினால், வேர்வை படிந்த ஒரு விரலடையாளமே துருவுக்கு வித்தாகும். மயிலிட்டிக் கடற்கரையிலே அத்தகைய துவக்கை ஒரு மாரிகாலம் கவனியாது வைத்தால், சித்திரத்தின் நுண்கோடுகள்தாம் முதலில் அழியும். ஏனெனில் உப்புநீர் தங்குவதற்கு அக்கோடுகளே பள்ளமாக அமைந்துவிடுகின்றன.

ஆகவே நிறத்தைத் தெரிந்தால் சித்திரம் மறைகிறது. சித்திரத்தைத் தெரிந்தால் துருவுக்கு இடமாகிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குக் கீழைத்தேயக் கைவினைஞர் கண்ட வழி வேறு. துருவே பிடிக்காத உலோகத்தினால் சித்திரத்தை எழுதுவதுதான் அது. இரும்பிலே அடிப்புறம் அகன்ற சிறு வாய்க்காலை வெட்டி, அதிலே பொற்கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குவது ஒரு முறை. பஞ்சாபின் சியால்கோட்டிலும் குஜராத் என்னும் ஊரிலும் வழங்கிய கோப்த்காரி வேலை இன்னொரு முறை. இரும்பின் முகத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் பொற்கம்பியை ஒற்றி அழுத்துவர். முதலாவது ஆழமானது, நெடுங்காலம் நிற்பது. இரண்டாவது விரைவானது, தேயக்கூடியது. கருமையேற்றிய இரும்பின்மேல் பொன் எழுதப்பட்டபோது, காவலும் சித்திரமும் ஒன்றோடொன்று பகையாமல் இணைந்தன.

நமது கண்டி நாட்டுக் கைவினைஞரும் இந்த உண்மையை அறிந்திருந்தனர். அவர்கள் செய்த துவக்குகளை உலகத்து நூதனசாலைகளிலே கண்டவுடன் இனங்காணலாம். பல துவக்குகளிலே பூட்டு வலப்புறத்தில் அன்றி இடப்புறத்தில் இருக்கும். தோளிற் சாத்தும் மரப்பிடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். வெள்ளியும் பித்தளையும் தந்தமும் கொண்டு கொடிச்சித்திரங்கள் நிறைந்திருக்கும். இரும்பு அவற்றிலே தொழில் செய்யும். அழகு முழுவதையும் துருப்பிடியாத பொருள்களே தாங்கி நிற்கும். அரசனுக்காக வேலைசெய்த நான்கு பட்டறைகளையும், அவற்றிலிருந்த கைவினைஞரின் மரபுகளையும் விரிவாக எழுதிவைத்தவர் ஆனந்தக் குமாரசுவாமி. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் வந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய அவர், இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத்துறைக்குத் தலைவராக ஊர் ஊராகச் சென்றபோது, அழிந்துகொண்டிருந்த இரும்பு உருக்கும் தொழிலையும் நேரிற் கண்டார். 1908ஆம் ஆண்டிலே வெளிவந்த அவரது இடைக்காலச் சிங்களக் கலை என்னும் ஆங்கில நூல் இல்லாவிடின், இந்தக் கைவினைஞரைப் பற்றிய நமது அறிவு மிகக் குறைந்திருக்கும்.

இனி, தொடக்கத்திற் குறிப்பிட்ட கதைக்கு வருவோம்.

கண்டியிலே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரசாண்ட காலம். 1739ஆம் ஆண்டில் முடிசூடிய இவ்வரசன் நாயக்கர் மரபின் முதல்வன். மதுரையோடு தொடர்புடைய குடும்பத்தவன். 1745-46இலே லெவ்கே திசாவை என்னும் பிரதானி ஒரு சிறிய பீரங்கியை அரசனுக்குக் காணிக்கையாக அளித்தான். குழல் வெண்கலம், அதன்மேல் வெள்ளியும் பொன்னும், மாணிக்கக் கற்களும் பதிக்கப்பட்டிருந்தன. கண்டி அரசின் சின்னங்களாகிய சூரியனும் பிறையும் சிங்கமும் அதிலே பொறிக்கப்பட்டன. அளித்தவன் பெயரைக் கூறும் சிங்கள எழுத்துக்களும் அதன்மேல் செதுக்கப்பட்டன.

இருபது ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. 1765ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் பெரும்படையோடு கண்டிமீது சென்றான். அப்போது அரசனாயிருந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நகரை விட்டு அகன்றான். அரண்மனை சூறையாடப்பட்டது. நோயும் பசியும் வாட்ட, ஒல்லாந்தப் படை நெடுங்காலம் கண்டியில் நிலைக்கவில்லை. ஆனால் அள்ளிய பொருள்கள் கப்பலேறின. பீரங்கி ஒல்லாந்து தேசத்துத் தலைவரான ஐந்தாம் வில்லியத்தின் சேகரத்தை அடைந்து, பின்னர் ஆம்ஸ்ரர்டாம் நகரின் றைக்ஸ் நூதனசாலையில் காட்சிப்பொருளாயிற்று. கடலுக்கு அப்பாலுள்ள குளிர்நாட்டிலே, கண்ணாடிப் பேழைக்குள், அது தலைமுறை தலைமுறையாக நின்றது.

நேயர்களே, இங்கேதான் மெருகின் பெருமையை நாம் உணரவேண்டும். வெறும் இரும்பிலே பெயர் செதுக்கப்பட்டிருந்தால், போரிலும் கப்பலிலும் கிடங்கிலும் அது துருவேறி மங்கியிருக்கக்கூடும். மலைநாட்டுக் கைவினைஞர் தேர்ந்தது வெண்கலமும் வெள்ளியும் பொன்னும். ஆதலால் எழுத்து நின்றது, சின்னம் நின்றது. யார் அளித்தது, எந்த அரசனுக்குரியது என்பதைப் பீரங்கியே தன் வாயால் கூறியது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் ஏட்டுச் சான்றுகளையும் அதனோடு சேர்த்து நோக்கி, 1765இல் கண்டியிலிருந்து கொள்ளையாகக் கொண்டுசெல்லப்பட்ட பொருள் இது என்ற முடிவுக்கு வந்தனர். 2023ஆம் ஆண்டிலே நெதர்லாந்து அரசு அதனைத் திருப்பியளிக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே அந்தப் பீரங்கியும், பொன் வாள் ஒன்றும், வெள்ளி வாள் ஒன்றும், கத்தி ஒன்றும், மகாதுவக்கு எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டும் கொழும்புத் தேசிய நூதனசாலையிற் கையளிக்கப்பட்டன. ஆறு பொருள்கள் வந்துசேர்ந்தன. இன்னும் எத்தனையோ பொருள்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன.

இந்தச் செய்தி மயிலிட்டி மக்களின் நெஞ்சிலே ஒரு தனி அர்த்தத்தோடு ஒலிக்கக்கூடும். 1990ஆம் ஆண்டிலே போரினால் அவர்கள் ஊரை விட்டுப் போயினர். இருபத்தேழு ஆண்டுகள் தம் கடலையே காணாமல் முகாம்களிலும் அயலூர்களிலும் அயல்நாடுகளிலும் வாழ்ந்தனர். 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலத்தில் ஒரு பகுதியும் விடப்பட்டபோது திரும்பி வந்தவர்கள், தம் வீடு இருந்த இடத்தை இனங்காணவே இடர்ப்பட்டனர். கட்டடம் போயிற்று, எல்லைவேலி போயிற்று. ஒரு கிணற்றின் விளிம்பு, ஒரு கோயிலின் திசை, ஒரு பழைய உறுதிப் பத்திரத்திலுள்ள பெயர் — இவையே இது எங்களுடையது என்று சொல்ல அவர்களுக்குத் துணையாயின. ஒரு பொருளானாலும் ஒரு நிலமானாலும், உரியவனிடம் அது திரும்பி வருவதற்கு, அதன்மேல் எழுதப்பட்டது அழியாமல் இருக்கவேண்டும்.

ஆகவே, சித்திரவேலைப்பாடுள்ள துவக்குக்கு எந்த மெருகு சிறந்தது என்ற வினாவுக்கு விடை கூறுவதாயின், கடையிலே மின்னுவது எது என்று நோக்குதல் போதாது. குழலுக்குப் பொறுமையோடு ஏற்றிய கருமை சிறந்தது. உடலிலே வண்ணம் வேண்டுவோர் அது மங்குமென்பதை அறிந்தே வேண்டட்டும். வெண்சாம்பல் மெருகு வேண்டுவோர் எண்ணெய்த் துணியைக் கைவிடாதிருக்கட்டும். ஆனால் பெயரும் நாளும் சின்னமும் எதிலே எழுதப்படவேண்டும் என்று கேட்டால், அதற்கு நமது பழைய கைவினைஞர் ஒரே விடைதான் தந்திருக்கிறார்கள்: துருப்பிடியாத பொருளிலே, ஆழமாக எழுதுங்கள்.

வெடிமருந்தின் புகை அடங்கிவிட்டது. அதை ஏவிய அரசர்களும் தேசாதிபதிகளும் மறைந்தனர். இன்று கொழும்பிலே அந்தப் பீரங்கியின் முன் நிற்பவர் கண்ணில் படுவது ஒரு கைவினைஞன் தன் உளியால் பொறித்த சூரியனும் பிறையுமே. அவன் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. தன் அரசனின் சின்னத்தை அவன் கவனமாக எழுதினான். அந்தக் கவனத்தினாலேயே பீரங்கி வீடு திரும்பியது.